பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை பார்க்கும் கண்

2023 ஜனவரி இரண்டாம் வாரம். உத்தராகண்டின் ஜோஷிமத் நகரில் சுவர்கள் பிளந்து, மக்கள் குளிரில் வீட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் அப்போது ஒரு சிறு அறிக்கையை இணையத்தில் ஏற்றியது. அதில் முக்கியமானவை இரண்டு அளவுகள். 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஏழு மாதங்களில் ஊரின் ஒரு பகுதி ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. அதன் பிறகு, டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை, 12 நாளில் மட்டும் 5.4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. நாளிதழ்கள் இதைத் தலைப்புச் செய்தியாக்கியதும் அறிக்கை இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. ஊடகங்களோடு பேச வேண்டாம் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அரசு ஆய்வு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கேள்வி எழுப்பிய பின், அந்த ஆண்டு செப்டம்பரில்தான் நிபுணர் அறிக்கைகள் வெளிவந்தன.

ஏறக்குறைய 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு மலையூர் 5 சென்டிமீட்டர் இறங்கியதை அளக்க முடிகிறது. அளந்ததை அந்த ஊராருக்குச் சொல்லத்தான் முடியவில்லை. அளக்கும் சிக்கலை அறிவியல் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருமளவு தீர்த்துவிட்டது. சொல்லும் சிக்கல் அப்படியே கிடக்கிறது. இவை இரண்டுக்கும் நடுவே நம் ஊடகங்கள் அதிகம் தொடாத ஒன்றும் இருக்கிறது: எல்லா மலையும் விழுவதற்கு முன் நகர்ந்து காட்டுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்களுக்கும் இலங்கை மலையகத்தாருக்கும் இதுவே முதன்மையான விஷயம்.

அளவீடு எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். சாதாரணக் கேமரா பொருத்திய செயற்கைக்கோளுக்குச் சூரிய வெளிச்சம் வேண்டும், மேகமற்ற வானம் வேண்டும். ரேடார் செயற்கைக்கோள் தானே நுண்ணலைகளை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்கிறது. அதற்கு இரவும் மேகமும் தடையில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-1 பயன்படுத்தும் அலையின் நீளம் ஏறக்குறைய 5.6 சென்டிமீட்டர். திரும்பி வரும் அலை தன் ஏற்ற இறக்கத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அது குறித்துக்கொள்கிறது. 12 நாள் கழித்து அதே பாதையில் வந்து அதே இடத்தை மீண்டும் பார்க்கிறது. இதற்கிடையே தரை சற்று விலகியிருந்தால் அலை திரும்பும் நிலை மாறியிருக்கும். அலை போய்வர வேண்டியிருப்பதால், தரை 2.8 சென்டிமீட்டர் விலகினாலே ஒரு முழுச் சுற்று வேறுபாடு வந்துவிடும். இரு படங்களையும் கழித்துப் பார்த்தால் இந்த வேறுபாடுகள் வண்ண வளையங்களாகத் தெரியும். இந்த முறையைத் துறையில் ‘இன்சார்’ என்கிறார்கள்.

இதன் வலிமையை உலகுக்குக் காட்டியது 1992 ஜூன் 28 அன்று கலிபோர்னியாவின் லாண்டர்ஸ் பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கம். டிடியே மசோனே தலைமையிலான பிரெஞ்சு ஆய்வாளர்கள், அதற்கு முன்பும் பின்பும் ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-1 ரேடார் செயற்கைக்கோள் எடுத்திருந்த படங்களைச் சேர்த்துப் பிளவின் இருபுறமும் நிலம் எப்படி நகர்ந்தது என்று வரைந்தார்கள். 1993இல் அது ‘நேச்சர்’ இதழின் அட்டைப்படமானது. தரையில் ஒரு கருவிகூட நடாமல், பாலைவனத்தின் ஒவ்வொரு திட்டும் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல முடிந்தது அதுவே முதல்முறை. மிலான் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த ஃபெரெட்டி, பிராட்டி, ரோக்கா மூவரும் 2001இல் அடுத்த படியை எடுத்தார்கள். கட்டடம், பாறை, மின்கோபுரம் போல ஆண்டுக்கணக்கில் அலையை ஒரே மாதிரி திருப்பும் புள்ளிகளை மட்டும் பொறுக்கி, பல பத்துப் படங்களில் அவற்றைப் பின்தொடர்வது அவர்கள் முறை. அதன் பிறகு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அசைவும் பிடிபடத் தொடங்கியது.

குறைகளும் உண்டு. காற்றிலுள்ள நீராவி அலையைத் தாமதப்படுத்தும். பருவமழைக் காலத்தில் இந்தத் தாமதமே சில சென்டிமீட்டர் பொய் நகர்வைக் காட்டிவிடும். செயற்கைக்கோள்கள் துருவத்திலிருந்து துருவத்துக்குப் பறந்தபடி பக்கவாட்டில் பார்ப்பதால், வடக்கு–தெற்கு நகர்வு அவற்றுக்கு ஏறக்குறையத் தெரியாது. ஜோஷிமத் இருக்கும் சரிவே வடக்கு நோக்கியது. அங்கே கீழிறங்கியதைப் படித்த அளவுக்கு, பக்கவாட்டில் நழுவியதைப் படிப்பது எளிதல்ல. செங்குத்தான பள்ளத்தாக்குகளில் ஒரு சரிவின் நிழல் மற்றொன்றை மறைத்துவிடும். எல்லாவற்றையும்விட எங்களைப் போன்ற ஈர நாட்டுக்காரர்களுக்குப் பெரிய இடைஞ்சல் காடு. 5.6 சென்டிமீட்டர் அலை இலைகளில் பட்டே திரும்பிவிடுகிறது. 12 நாளில் இலைகள் அசைந்து, முளைத்து, உதிர்ந்திருக்கும். இரு படங்களுக்கும் தொடர்பே அறுந்துபோகும்.

ஆக, இன்சார் தன் சிறப்பைக் காட்டும் இடங்கள் தெளிவானவை: நிலம் மெதுவாக நகர வேண்டும், மரம் குறைவாக இருக்க வேண்டும், அல்லது நகரமாக இருக்க வேண்டும். எரிமலைகள் பலவும் இதில் அடங்கும். ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் ஊருக்கு அருகே 2023 அக்டோபரில் நிலம் உப்புவதை ஜிபிஎஸ் கருவிகளும் ரேடார் படங்களும் காட்டின. நவம்பர் 10 அன்று நடுக்கங்கள் குவிந்தன; நிலத்தடியில் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு எரிகுழம்பு சுவர்போலப் புகுந்துகொண்டிருந்தது. அன்றிரவே ஏறக்குறைய 3,800 பேரை வெளியேற்றிவிட்டார்கள். டிசம்பரில் எரிமலை வெடித்தபோது ஊர் காலியாக இருந்தது. அங்கே ரேடார் படத்தை நடுக்கப் பதிவோடும் ஜிபிஎஸ்ஸோடும் சேர்த்து வாசிக்க ஓர் அலுவலகம் இரவு பகலாக விழித்திருந்தது. செயற்கைக்கோளைத் தனியாகப் புகழ்பவர்கள் இந்த அலுவலகத்தை மறந்துவிடுகிறார்கள்.

நகரங்கள் மற்றொரு நல்ல களம். 2025 அக்டோபரில் ‘நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி’ இதழில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, சென்னை ஆகிய ஐந்து நகரங்களின் 2015–2023 ரேடார் படங்களை அலசி வெளியிட்டார்கள். டெல்லியில் சில இடங்கள் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் வரையும், சென்னையில் சில இடங்கள் 3 சென்டிமீட்டருக்கு மேலும் தாழ்வதாக அதில் வந்தது. முதன்மைக் காரணம் நிலத்தடி நீரை உறிஞ்சுவது. களிமண் அடுக்குகளில் இருந்த நீர் போனதும் மண்துகள்கள் நெருங்கி அமுங்குகின்றன. பிறகு மழை பெய்தாலும் அவற்றில் பெரும்பகுதி பழைய உயரத்துக்குத் திரும்பாது. ஒரு தெரு முழுக்க ஒரே அளவில் தாழ்ந்தால் கட்டடத்துக்கு அவ்வளவு கேடில்லை. அடித்தளத்தின் ஒரு மூலை மட்டும் தாழும்போதுதான் சுவர் பிளக்கும். இத்தகைய வேறுபாட்டை வீதி வீதியாகக் காட்ட ரேடாரைவிட மலிவான கருவி இல்லை.

இமயமலைக்கு வருவோம். 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் ரிஷிகங்கா, தபோவன் நீர்மின் திட்டங்களைச் சகதி வெள்ளம் அடித்துச் சென்றது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். பனியேரி உடைந்தது என்றே முதலில் எல்லோரும் சொன்னார்கள். ரோண்டி சிகரத்திலிருந்து ஏறக்குறைய 2.7 கோடி கனமீட்டர் பாறையும் பனியும் சேர்ந்து இடிந்து விழுந்ததே காரணம் என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் நிறுவின. அதே படங்களைப் பின்னோக்கிப் புரட்டியபோது, அந்த இடத்தில் சில ஆண்டுகளாக ஒரு பிளவு அகன்றுகொண்டே வந்தது தெரிந்தது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 2017 ஜூன் 24 அன்று சின்மோ ஊரைப் புதைத்த சரிவிலும் இதே கதை. விழுந்த பிறகு பழைய சென்டினல் படங்களைச் சோதித்தவர்கள், சரிவு முன்கூட்டியே வேகமெடுத்திருந்ததைக் கண்டார்கள்.

இத்தகைய பின்னோக்கிய கண்டுபிடிப்புகள் ஆய்விதழ்களில் ஏராளம். அவற்றை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். எந்தச் சரிவு விழுந்தது என்று தெரிந்த பிறகு அந்த ஒன்றின் வரலாற்றில் அறிகுறி தேடுவது எளிது. அதே அறிகுறி காட்டியும் விழாமல் நிற்கும் ஆயிரம் சரிவுகளை யாரும் கட்டுரையாக எழுதுவதில்லை. பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று சுரங்கக் கழிவணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். ரேடார் தரவிலிருந்து முன்பே கணித்திருக்கலாம் என்று ஒரு குழு எழுதியது. குறிப்பிடத்தக்க முன்னறிகுறி இல்லை என்று வேறு வல்லுநர்கள் சொன்னார்கள். தரவு ஏறக்குறைய ஒன்று, முடிவு இரண்டு. விழுந்த பிறகே இவ்வளவு கருத்து வேறுபாடு என்றால், விழுவதற்கு முன் ஒரு மாவட்ட ஆட்சியர் யாரை நம்பி ஊரைக் காலி செய்வார்?

விதிவிலக்கான வெற்றிகளும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் ஊரை 2025 மே 28 அன்று பனியாறும் பாறையும் மூடின. ஏறக்குறைய 300 பேரும் ஒன்பது நாள் முன்பே, மே 19 அன்று, வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அந்த முடிவுக்கு உதவியவற்றில் முதன்மையானவை எதிர்மலையில் நிறுத்தி மலைமுகட்டைத் தொடர்ந்து நோக்கிய தரைக்கருவிகள். எங்கே கண் வைக்க வேண்டும் என்று செயற்கைக்கோள் சொல்லலாம். எப்போது ஓட வேண்டும் என்று சொல்ல, அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும் கருவி வேண்டும்.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில் இந்த இரண்டாவது பாதி தவறியது. அந்தப் பனியேரி பெருத்துவருவதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து ஆய்வாளர்கள் 2013லேயே எச்சரித்திருந்தார்கள். 2023 அக்டோபர் 3 இரவு ஏரிக்கரையின் பனிப்படிவு மேடு உள்ளே சரிந்து, பேரலை எழும்பி, கரை உடைந்தது. செப்டம்பர் 28 படத்தில் 167.4 ஹெக்டேராக இருந்த ஏரி, அக்டோபர் 4 அன்று இந்திய ரேடார் செயற்கைக்கோள் ரிசாட்-1ஏ எடுத்த படத்தில் 60.3 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. கீழே சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 அணை அடித்துச் செல்லப்பட்டது. ஏரிக்கரையில் கண்காணிப்புக் கருவிகளின் முதல் தொகுப்பு நிறுவப்பட்டது அதற்குச் சில வாரங்கள் முன்புதான். எச்சரிக்கைக்கும் கருவிக்கும் நடுவே பத்தாண்டு இடைவெளி. விண்வெளித் துறையை இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

இனி நம் பக்கத்து மலைகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் உயிர்களைக் கொள்ளைகொள்ளும் சரிவுகள் பெரும்பாலும் மெதுவாக நகர்பவை அல்ல. கெட்டியான பாறைமேல் சில மீட்டர் மண். நாள்கணக்கில் கொட்டும் மழையில் மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, பாறையோடு இருந்த பிடி ஒரு கணத்தில் விட்டுப்போகிறது. மண், நீர், பாறை, மரம் எல்லாம் குழம்பாகி ஓடை வழியே பாய்கின்றன. மலையாளத்தில் உருள்பொட்டல் என்பது இதைத்தான். முந்தைய வாரம் எடுத்த ரேடார் படத்தில் அந்தச் சரிவு அசையாமலே இருந்திருக்கும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள்மேல் மலை இறங்கி 70 பேர் புதைந்தார்கள்; கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். 12 நாளுக்கு ஒருமுறை வரும் கண்ணால் இதை முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது.

வயநாடு இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. 2024 ஜூலை 30 அதிகாலையில் புஞ்சிரிமட்டத்துக்கு மேலே 1,550 மீட்டர் உயரத்தில் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்து, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடி, முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்தது. ஏறக்குறைய 300 பேர் உயிரிழந்தார்கள். ஓரிரு நாளிலேயே தேசியத் தொலையுணர்வு மையம் கார்ட்டோசாட்-3, ரிசாட் படங்களைக் கொண்டு இந்த அளவுகளை வெளியிட்டது. மேகத்தை மீறி அவ்வளவு விரைவாகக் கிடைத்தது மீட்புப் பணிக்குப் பேருதவி. அதே இடத்தில் பழைய சரிவு ஒன்று இருந்ததும் படங்களில் பதிவாகியிருந்தது. ஆனால் முதல் நாளே எச்சரித்தது யார்? கல்பற்றாவில் இயங்கும் ஹியூம் மையம். மாவட்டம் முழுக்கத் தோட்டங்களிலும் வீடுகளிலும் மழைமானிகளை வைத்து, உள்ளூர்க்காரர்களைக் கொண்டே தினமும் அளவெடுக்கிறது அந்தச் சிறு அமைப்பு. பெய்திருந்த மழையைப் பார்த்து, அந்தச் சரிவுப் பகுதியைப் பற்றி மாவட்ட நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்தது. இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் நிலச்சரிவு முன்னறிவிப்போ அந்நாட்களுக்கு வயநாட்டைப் பச்சை நிறத்தில் காட்டியதாக முதல்வர் பினராயி விஜயன் குற்றம் சாட்டினார்.

அப்படியானால் நம் மலைகளுக்குச் செயற்கைக்கோள் பயனற்றதா? இல்லை. அதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. சரிவின் சாய்வு, ஓடையின் போக்கு, பழைய சரிவுத் தழும்பு, காடழித்த இடம், சாலைக்காக வெட்டிய இடம் ஆகியவற்றை வரைபடமாக்குவதில் அதற்கு இணையில்லை. 2005இல் ஏவிய கார்ட்டோசாட்-1 இரட்டைக் கேமராவால் உயர வரைபடங்களைத் தந்தது. இஸ்ரோ 2023இல் வெளியிட்ட நிலச்சரிவு அட்லஸ், 1998 முதல் 2022 வரையிலான ஏறக்குறைய 80,000 சரிவுகளைத் தொகுத்து, 147 மாவட்டங்களை ஆபத்து வரிசையில் அடுக்கியது. ருத்ரபிரயாக் முதலிடம். விழுந்த இடத்திலேயே மறுபடி விழுவது சரிவுகளின் வழக்கம் என்பதால், கவர்ச்சியற்ற இந்தப் பட்டியல்தான் எனக்கு இன்சார் வண்ணப்படங்களைவிட மதிப்புள்ளதாகப் படுகிறது.

மழையையும் விண்ணிலிருந்து அளக்கலாமே என்று கேட்பார்கள். அளக்கிறார்கள். 2014 முதல் இயங்கும் ஜிபிஎம் திட்டத்தின் மழைத்தரவை வைத்து நாசா உலகம் முழுமைக்கும் நிலச்சரிவு வாய்ப்பைக் கணிக்கிறது. ஆனால் அந்தத் தரவின் ஒரு கட்டம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அகலம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியபோதும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் அதேபோலக் கொட்டியபோதும் நீலகிரியின் மறுமுனைகளில் கதை வேறாக இருந்தது. 2009இல் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். ஒரு பள்ளத்தாக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள வேறுபாட்டை மழைமானியே சொல்லும். புவியியல் ஆய்வகம் பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து நடத்திய ‘லேண்ட்ஸ்லிப்’ திட்டம் டார்ஜிலிங்கையும் நீலகிரியையும் முன்னோட்டக் களமாக எடுத்துக்கொண்டு, மழை அளவையும் சரிவு வரைபடத்தையும் இணைத்துத் தினசரி முன்னறிவிப்பு தர முயன்றது. திசை சரியானது. மூணாறில் அமிர்தா பல்கலைக்கழகம் 2009 முதல் நடத்திவரும், மண்ணுக்குள் நீரழுத்தம் அளக்கும் கருவி வலையும் இந்தத் திசைதான்.

இந்தப் பின்னணியில் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்16இல் சென்ற நிசார் பற்றிச் சரியான எதிர்பார்ப்பு வேண்டும். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த இதில் இரண்டு ரேடார்கள். நாசா கொடுத்த எல்-பேண்டின் அலைநீளம் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர். அது இலைகளைத் தாண்டித் தரையைத் தொடும். இஸ்ரோவின் எஸ்-பேண்ட் அலை அதைவிடச் சிறியது. 12 மீட்டர் விரிவலை ஆன்டெனா, 747 கிலோமீட்டர் உயரம், 240 கிலோமீட்டருக்கு மேல் அகலமான பார்வை, அதே பாதைக்கு 12 நாளில் மறுவருகை. காடு மறைத்திருக்கும் மெதுவான சரிவுகள் முன்பைவிட ஒழுங்காகத் தெரியவரும். நிலத்தின் ஈரப்பதமும் தெரியும். இமயமலைக்கும் நம் நகரங்களுக்கும் இது பெரிய வரவு. ஆனால் நிசார் வந்துவிட்டதால் இனி வயநாடுகள் நடக்காது என்று எழுதுவது பொய்.

தரவு வெளிப்படையாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பா உதாரணம். கோப்பர்நிக்கஸ் திட்டத்தின் தரை நகர்வுச் சேவை 2022 முதல் ஐரோப்பா முழுமைக்கும் புள்ளி புள்ளியாக நகர்வு வேகத்தைப் பொதுமக்கள் பார்க்கும் வரைபடமாகத் தருகிறது. வீடு வாங்குபவர் தன் தெரு தாழ்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளலாம். நார்வே 2018லேயே இதைச் செய்தது. இங்கே, 1976இல் மிஸ்ரா குழு ஜோஷிமத் பழைய நிலச்சரிவுக் குவியல்மேல் நிற்கிறது என்று எழுதிய அறிக்கைக்கு என்ன மரியாதை கிடைத்ததோ, செயற்கைக்கோள் அறிக்கைக்கும் ஏறக்குறைய அதே மரியாதைதான். பீதி கிளம்பும் என்பது அதிகாரிகளின் வாதம். வீட்டுச் சுவரில் கை நுழையும் விரிசலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எண்ணைக் கேட்டுப் புதிதாகப் பீதி வருவதில்லை. வீட்டு விலை, அணை, சாலை ஒப்பந்தம் ஆகியவற்றைப் பற்றிய கவலையே எண்களை மறைக்க வைக்கிறது என்பது என் முடிவு.

சொன்னால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. இலங்கையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடும்பங்கள் போய்த் தங்க வேறு நிலமும் வீடும் இல்லை. பெட்டிமுடியிலும் தொழிலாளர்கள் தோட்டம் கொடுத்த லயத்தில்தான் இருந்தார்கள். எங்கே குடியிருப்பது என்பது அவர்கள் தீர்மானித்ததல்ல.

நிசார் தரவு இலவசமாகப் பொதுவில் தரப்படும் என்பதே அத்திட்டத்தின் கொள்கை. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனமும், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறையும் இத்தகைய படங்களை வாசிக்கத் தெரிந்தவர்களைப் பல ஆண்டுகளாக உருவாக்கி வருகின்றன. 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடி ஏழு பேரைப் பலி வாங்கிய பிறகும், மலையடிவாரத்தில் வீட்டுமனை வாங்குபவர் தன் மனை எந்த ஆபத்து நிறத்தில் விழுகிறது என்று தெரியாமலே பணம் கட்டுகிறார். தமிழக அரசு செய்ய வேண்டியது மூன்று: சரிவு வரைபடத்தைச் சர்வே எண்ணோடு சேர்த்துத் தமிழில் வெளியிடுவது, நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை மலைகளில் ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு மழைமானி வைத்து, அளவெடுக்க உள்ளூர்க்காரருக்குச் சம்பளம் கொடுப்பது, ஆபத்துச் சரிவில் இருக்கும் லயங்களுக்கும் குடிசைகளுக்கும் அடுத்த மழைக்காலத்துக்கு முன் மாற்று இடம் தருவது. முதல் இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு மலைப்பாலத்தின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். மூன்றாவதற்குத்தான் பணமும் நிலமும் வேண்டும்; அதிலிருந்துதான் தொடங்கவும் வேண்டும்.